பள்ளியில் பாட்டு டீச்சராக இருந்துகொண்டே எம்.ஏ. இசை படிக்கலாமா?

திருச்சி பக்கம் ஒரு தனியார் சிபிஎஸ்இ பள்ளியில் பாட்டு டீச்சராக இருக்கிறேன், பி.ஏ. இசை முடித்திருக்கிறேன், வயது 33, வேலையை விடாமல் எம்.ஏ. படிப்பதா, பி.எட்., எம்.எட். பக்கம் போவதா என்று கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்காவில் பள்ளி ஆசிரியராக இருக்கும் உங்கள் தோழி 'மியூசிக் எஜுகேஷன்' என்று தனியாக ஒரு மாஸ்டர்ஸ் முடித்ததும் அவருக்குச் சம்பளம் உயர்ந்ததாம். அப்படி ஏதாவது இங்கே உண்டா என்பது அடுத்த கேள்வி. எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "ஒரு பீரியடில் 45 பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று இதுவரை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை." உங்கள் உண்மையான கேள்வி அதுதான் என்று எனக்குப் படுகிறது. உங்களுக்கு ஒரு பட்டமும் வேண்டும், வகுப்பு நடத்தும் கைத்திறனும் வேண்டும். தமிழ்நாட்டில் இன்றைக்கு இருக்கிற ஏற்பாட்டில் இந்த இரண்டும் ஒரே படிப்பில் தானாகக் கிடைப்பதில்லை. எம்.ஏ. பட்டத்தைத் தரும். உங்கள் வகுப்பறையை அந்தப் படிப்புக்குள் நீங்கள்தான் இழுத்துக்கொண்டு போக வேண்டும்.

நான் வாய்ப்பாட்டுக்காரன். முதலில் பள்ளியிலும் பிறகு கல்லூரி இசைத்துறையிலும் பாடம் நடத்தியவன். முதுகலை மாணவர்களின் ஆய்வேடுகளுக்கு வழிகாட்டியாக இருந்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன். வாத்தியம் கற்பிப்பவர்களின் நிலையும் மேற்கத்திய இசை ஆசிரியர்களின் நிலையும் வேறு; அவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எம்.ஏ. இசை என்றால் என்ன படிப்பீர்கள் என்பதிலிருந்து தொடங்குகிறேன். எந்தப் பல்கலைக்கழகமானாலும் உடம்பு ஒன்றுதான். பாதி செய்முறை: கனமான கிருதிகள், வர்ணங்கள், ராக ஆலாபனை, நிரவல், கல்பனாஸ்வரம், ராகம் தானம் பல்லவி. மீதி சாஸ்திரம்: நாட்டிய சாஸ்திரம், பிருகத்தேசி, சங்கீத ரத்னாகரம், சதுர்தண்டிப் பிரகாசிகை வரிசையில் லட்சண கிரந்தங்கள் (பழைய இசை இலக்கண நூல்கள்), சிலப்பதிகாரத்தின் இசைச் செய்திகள், மேளகர்த்தா முறை, இசை வரலாறு, கொஞ்சம் ஒலியியல். கடைசிப் பருவத்தில் ஒரு ஆய்வேடு. சில இடங்களில் 'இசை கற்பித்தல்' என்று ஒரு தாள் விருப்பப் பாடமாக இருக்கும். அது பெரும்பாலும் குருகுல முறைக்கும் நிறுவன முறைக்கும் உள்ள வேறுபாடு, நல்லாசிரியரின் இலக்கணம், இந்த மாதிரி எழுதித் தேர்வாகும் விஷயம். ஆறாம் வகுப்பு பி பிரிவில் மதியம் சாப்பாட்டுக்கு அடுத்த பீரியடில் என்ன செய்வது என்பது அதில் வராது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்தப் படிப்பு கச்சேரிக்காரரையும் ஆய்வாளரையும் மனதில் வைத்து உருவானது.

பாட்டு ஆசிரியர்களுக்கென்றே தனிப் படிப்பு வேண்டும் என்ற யோசனை நம்மிடம் இல்லாமல் போகவில்லை என்பதுதான் வேடிக்கை. 1928இல் தொடங்கிய சென்னை மியூசிக் அகாடமி 1931இல் ஆரம்பித்த கல்லூரிக்குப் பெயரே இசை ஆசிரியர் கல்லூரி. டைகர் வரதாச்சாரியார் அதன் முதல்வர். அடுத்த ஆண்டே சென்னைப் பல்கலைக்கழகத்தில் இசை டிப்ளமா வந்தது. அங்கே இசைத்துறையை வளர்த்த பி. சாம்பமூர்த்தி பாட்டைக் கூட்டமாக உட்காரவைத்து, பாடத்திட்டம் போட்டு, கரும்பலகையில் எழுதிச் சொல்லித்தர முடியும் என்று நம்பியவர். கற்பிக்கும் முறையைப் பற்றியே தனியாக எழுதியவர். சிதம்பரத்தில் அண்ணாமலைச் செட்டியார் நிறுவிய இசைக் கல்லூரியும் அதே காலத்தது. அங்கே சங்கீத பூஷணம் பட்டம் வாங்கியவர்களில் பலர் அந்தக் காலத்தில் போய்ச் சேர்ந்தது பள்ளிகளில்தான், குறிப்பாகப் பெண்கள் பள்ளிகளில். பிறகு பல்கலைக்கழக இசைத்துறைகள் மற்ற துறைகளைப் போல ஆய்வு, பட்டம் என்று நகர்ந்தன. ஆசிரியப் பயிற்சி கீழ்த்தட்டுக்கு இறங்கிவிட்டது. இன்றும் சென்னை அரசு இசைக் கல்லூரியில் இசை படித்து முடித்தவர்களுக்கு ஓராண்டு இசை ஆசிரியர் பயிற்சி என்று ஒன்று உண்டு. ஆனால் அது முதுகலை அல்ல.

இனி எம்.ஏ. எந்தக் கதவைத் திறக்கும் என்று பார்ப்போம். இதில் சந்தேகத்துக்கு இடமில்லை: கல்லூரிக் கதவு. எம்.ஏ.வில் 55 சதவீதம் இருந்தால் (இதர பிற்படுத்தப்பட்டோரில் வசதியற்ற பிரிவினருக்கும் பட்டியலினத்தவருக்கும் 50) கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான தேசியத் தேர்வான நெட் எழுதலாம். முதல் தாள் கற்பித்தல், ஆராய்ச்சித் திறன், 50 கேள்வி, 100 மதிப்பெண். இரண்டாம் தாள் இசை, 100 கேள்வி, 200 மதிப்பெண். இசைத் தாளின் வினாக்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். தமிழில் படித்த நம் பிள்ளைகள் சறுக்குவது இங்கேதான். ராகத்தின் லட்சணத்தைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள், கேள்வியில் ஹிந்துஸ்தானிப் பெயர் வந்தால் நின்றுவிடுவார்கள். நெட் தேறினால் உதவிப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கும் தகுதி வரும். அரசு அளவில் அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாயில் தொடங்கும். விண்ணப்பிக்கும் தகுதி என்றுதான் சொல்கிறேன். இசைத்துறை உள்ள கல்லூரிகள் குறைவு, நிரந்தர இடங்கள் அதைவிடக் குறைவு, கௌரவ விரிவுரையாளராகப் பல வருடம் ஓட்டுகிறவர்கள் உங்களுக்கே தெரிந்திருப்பார்கள். வானொலியில் 'ஏ' கிரேடு வாங்கிய கலைஞர்கள் இளங்கலைப் பட்டத்தோடு, நெட் இல்லாமலே, உதவிப் பேராசிரியர் பணிக்கு வர பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிகளில் தனி வழி வைத்திருக்கிறார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். நீங்கள் கச்சேரி செய்கிறவராக இருந்தால் அதுவும் ஒரு பாதை.

பள்ளிக்கூடத்துக்குள் எம்.ஏ. எதைத் திறக்கும் என்றால், பெரிதாக ஒன்றுமில்லை. கேந்திரிய வித்யாலயாவில் இசை ஆசிரியர் பணி தொடக்கநிலை ஆசிரியர் பிரிவில் வருகிறது. பிளஸ் டூவில் 50 சதவீதமும் இசையில் இளங்கலையும் இருந்தால் போதும். சம்பளம் 35,400இல் தொடக்கம். நவோதயா பள்ளிகளில் இசை ஆசிரியருக்கு 44,900. இரண்டுக்கும் உங்கள் பி.ஏ. அடிப்படைத் தகுதிக்குள் வருகிறது, எம்.ஏ. கேட்பதில்லை. வயது வரம்பையும் பெண்களுக்கான தளர்வையும் ஒவ்வொரு அறிவிப்பிலும் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வயதில் அதுதான் அவசரமான விஷயம், எம்.ஏ. அல்ல. மாநில அரசுப் பள்ளிகளில் இசை, ஓவியம், தையல், உடற்கல்வி எல்லாம் 'சிறப்பாசிரியர்' என்ற ஒரே கூடையில். 2017இல் ஆசிரியர் தேர்வு வாரியம் 1,325 சிறப்பாசிரியர் பணியிடங்களுக்கு அறிவிப்பு விட்டபோது அதில் இசைக்கு 86தான். அங்கேயும் கேட்பது முதுகலை அல்ல. 2012இல் மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்த 16,549 பகுதிநேர ஆசிரியர்களில் இசைக்காரர்களும் உண்டு. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் போராடியதைச் செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள். அரசு ஊழியருக்குக் கூடுதல் கல்வித் தகுதிக்காகக் கிடைத்துவந்த ஊக்க ஊதிய உயர்வையும் 2020 மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள். தனியார் பள்ளியில் எம்.ஏ.வுக்கு எவ்வளவு ஏற்றுவார்கள் என்பது கரஸ்பாண்டென்ட் மனதைப் பொறுத்தது. சேர்வதற்கு முன்பே வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள். "முடிச்சிட்டு வாங்க டீச்சர், பார்க்கலாம்" என்று சொன்னால் அது இல்லை என்பதன் மரியாதையான வடிவம்.

பி.எட். பற்றிச் சுருக்கமாக. இப்போது அது இரண்டு வருடம். அதில் மொத்தம் 20 வாரம் பள்ளியில் இருக்க வேண்டும், ஆகவே உங்கள் பள்ளி விடுப்புத் தராமல் நடக்காது. குழந்தை வளர்ச்சி, மதிப்பீடு, வகுப்பு மேலாண்மை எல்லாம் வரும், அவை பயன்படும். ஆனால் இசைக்கான கற்பித்தல் முறைப் பாடம் நம் கல்லூரிகளில் காண்பது அரிது. வேறு பாடத்தின் பெயரில்தான் உட்கார வேண்டியிருக்கும். பி.ஏ. இசையை வைத்துச் சேர்க்கை தருவார்களா என்பதை அந்தந்த ஆண்டின் தகவல் கையேட்டைப் பார்த்து, எழுத்துமூலம் உறுதி செய்யாமல் பணம் கட்டாதீர்கள். எம்.எட். படிக்க பி.எட். வேண்டும் என்பதால் அது உங்களுக்கு நான்கு வருடப் பயணம். தலைமையாசிரியர் ஆகும் ஆசை இருந்தால் ஒழிய நான் அந்தப் பக்கம் அனுப்ப மாட்டேன்.

தோழியின் கதைக்கு வருகிறேன். அவர் சொன்னது உண்மை, ஆனால் அங்குள்ள அமைப்பு வேறு. அமெரிக்காவின் பல பள்ளி மாவட்டங்களில் ஆசிரியர் சம்பளம் ஒரு அட்டவணைப்படி போகும். ஒரு பக்கம் அனுபவ ஆண்டுகள், இன்னொரு பக்கம் கல்வித் தகுதி. மாஸ்டர்ஸ் முடித்தால் கட்டம் மாறும், சம்பளம் தானாக ஏறும். நியூயார்க் மாநிலத்தில் நிரந்தரமான ஆசிரியர் சான்றிதழுக்கே முதுகலை தேவை. அதனால் வேலையில் இருக்கும் இசை ஆசிரியர்களுக்கென்றே படிப்புகள் அங்கே பெருகின. கோடை விடுமுறையில் மட்டும் வகுப்பு, இரண்டு மூன்று கோடையில் முடித்துவிடலாம், அல்லது முழுக்க இணையவழியில். உள்ளடக்கமும் வேறு: குழந்தைகளின் குரல், கூட்டுப்பாடல் நடத்துவது, பாடத்திட்டம் எழுதுவது, தன் வகுப்பையே ஆராய்வது. குழந்தைகளுக்கு இசை சொல்லித்தரும் கோடாய், ஆர்ஃப் முறைகளில் படிப்படியான பயிற்சியை அதனோடு சேர்த்தே முடிக்க விடும் கல்லூரிகளும் உண்டு. ஹங்கேரியில் கெச்கெமெட் நகரில் கோடாய் பெயரிலேயே 1975 முதல் ஒரு நிறுவனம் இருக்கிறது, ஆஸ்திரியாவில் சால்ஸ்பர்க்கில் ஆர்ஃப் நிறுவனம் 1961 முதல். உங்களுக்கு அந்தப் படிப்பு பிடித்திருந்தால் ஆர்வத்துக்காகப் படிக்கலாம். ஆனால் டாலரில் கட்டணம் கட்டி வாங்கிய பட்டத்தை எடுத்துக்கொண்டு இங்கே நெட் விண்ணப்பம் போடும்போது அது இந்திய முதுகலைக்குச் சமம் என்ற இணைச் சான்றிதழ் கேட்பார்கள், அந்த அலைச்சல் தனி.

முதுகலை படித்தால் பிள்ளைகளுக்கு இன்னும் நன்றாகச் சொல்லித்தர வருமா என்பதில்தான் நான் தயங்குகிறேன். அமெரிக்காவில் மற்ற பாடங்களில் இதைப் பல ஆண்டுகளாக அளந்து பார்த்திருக்கிறார்கள். ஆசிரியரிடம் ஏதோ ஒரு முதுகலைப் பட்டம் இருப்பதற்கும் மாணவர் மதிப்பெண்ணுக்கும் பெரிதாகத் தொடர்பு தென்படவில்லை. கணித ஆசிரியர் கணிதத்திலேயே முதுகலை படித்திருந்தால் சிறு வித்தியாசம் தெரிந்தது. இதை அப்படியே பாட்டு வகுப்புக்கு எடுத்துவைக்க முடியாது. பாட்டு வகுப்பின் பலனை மதிப்பெண்ணில் அளப்பதும் இல்லை. என் கண்ணில் பட்டதைச் சொல்கிறேன்: எம்.ஏ. முடித்த ஆசிரியர்களின் பாட்டு நிச்சயமாக முன்னேறுகிறது, அடுத்தவர் பாடும்போது எங்கே தவறு என்று கண்டுபிடிக்கும் காது கூர்மையாகிறது. வகுப்பு நடத்தும் விதம் மாறியவர்கள், ஏற்கெனவே வகுப்பறைக் கேள்வி ஒன்றோடு படிக்க வந்தவர்கள் மட்டும்தான். உங்களிடம் அந்தக் கேள்வி இருக்கிறது.

எப்படிப்பட்ட கேள்வி என்பதற்கு ஒன்றைக் கிட்டத்தில் வைத்துக் காட்டுகிறேன். உங்கள் மூன்றாம் வகுப்பில் எந்தச் சுருதியில் பாடவைக்கிறீர்கள்? பெரும்பாலான பெண் ஆசிரியர்கள் தங்கள் குரலுக்கு ஏற்ப ஐந்து, ஐந்தரைக் கட்டையில் (கட்டை என்பது சுருதியின் உயரம்) சுருதிப் பெட்டியை வைத்துவிடுவார்கள். மத்திய ஸ்தாயி சட்ஜம் ('ஸ') அங்கே நிற்கும்போது எட்டு வயதுப் பிள்ளைக்கு அது மிகவும் கீழே. 'ஸ ரி' வரும்போது பாதிப் பேர் பாடாமல் பேச்சுக்குரலில் முனகுவார்கள், மேலே போகும்போது கத்துவார்கள். அந்த வயதில் குரல் இயல்பாக நிற்கும் இடம் அந்த ஐந்து கட்டை சட்ஜத்துக்குக் குறைந்தது நாலைந்து அரைச்சுரப் படிகள் மேலிருந்து தொடங்குகிறது. சட்ஜத்தை அதற்கு மேலே வரும் ஒரு கட்டைக்கு, அதாவது உங்கள் குரலில் ஐந்து கட்டை மத்திமத்தின் இடத்துக்கு, ஏற்றி வைத்து, அதிலிருந்து தைவதம் வரை மட்டும் போகும் பாட்டாகக் கொடுத்துப் பாருங்கள். உங்களுக்குக் கொஞ்சம் உச்சத்தில் இருக்கும், பிள்ளைகளுக்குச் சரியாக உட்காரும். ஆண் ஆசிரியர்களுக்கு வேறு சிக்கல்: அவர்கள் ஒரு கட்டையில் பாடினால் பிள்ளைகள் அதற்கு மேல் ஸ்தாயியில் எடுக்க வேண்டும், சிறு பிள்ளைகளுக்கு ஆண் குரலைக் கேட்டுத் தங்கள் சுரத்தைப் பிடிப்பது பெண் குரலைவிடக் கடினம். எட்டாம் வகுப்புப் பையன்களுக்கு மகரக்கட்டு வந்து குரல் உடையும் நேரத்தில் இதெல்லாம் தலைகீழாகும். அந்த ஒன்றிரண்டு வருடம் அவர்களைப் பாடாதே என்று ஓரமாக உட்காரவைப்பதுதான் நம் வழக்கம், அவர்களில் பலர் பிறகு திரும்பிப் பாடவே வருவதில்லை.

அடுத்தது, எந்த ராகத்தில் தொடங்குவது. புரந்தரதாசர் வழி என்று சொல்லி மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை என்ற முதல் பயிற்சி, அதுதான் வழக்கம். அதற்கு நல்ல காரணம் உண்டு: கீழ்ப்பாதியும் மேல்பாதியும் ஒரே அளவு, கிட்டத்துச் சுரமும் தூரத்துச் சுரமும் பளிச்சென்று தெரியும். ஒரு பிள்ளையை எதிரில் உட்காரவைத்துச் சொல்லித்தருகிற குருவுக்கு அது அருமையான ராகம். 45 பேருக்கு முன் நின்று பாருங்கள்: சட்ஜத்தை ஒட்டியிருக்கும் சுத்த ரிஷபம் (தாழ்ந்த 'ரி') நிற்காது, பத்துப் பேர் அதற்கு மேலிருக்கும் சதுஸ்ருதி ரிஷபத்துக்கு நழுவுவார்கள், வகுப்பே அவர்கள் பின்னால் போகும். மோகனத்தில் அந்த ஆபத்து இல்லை. ஐந்தே சுரம், பக்கத்தில் ஒட்டிய சுரம் ஒன்றுகூட இல்லை. கோடாய் ஹங்கேரியப் பிள்ளைகளுக்கு முதலில் கொடுத்ததும் இதே ஐந்து சுரங்களை அடிப்படையாகக் கொண்ட நாட்டுப்பாடல்களைத்தான். நம் பிள்ளைகளுக்கோ மோகனம் புதிதே அல்ல. தமிழ்த்தாய் வாழ்த்து அந்த ராகம்தான். 2021 டிசம்பரில் அதை மாநிலப் பாடலாக அறிவித்தபோது மோகன ராகத்தில், திஸ்ர தாளத்தில், 55 விநாடியில் பாட வேண்டும் என்று அரசாணையே சொல்லிவிட்டது. தமிழ்நாட்டுப் பள்ளிக் கூட்டங்களில் காதில் விழுந்துகொண்டே இருக்கும் ஒரு ராகத்தை விட்டுவிட்டு, அவர்கள் கேட்டறியாத ராகத்தில் ஏன் தொடங்குகிறோம்?

மோகனம்தான் சரி என்று தீர்ப்புச் சொல்ல வரவில்லை. அதற்கு எதிரான வாதமும் வலுவானது: எளிய சுரங்களில் பழகிய காது பிறகு சுத்த ரிஷபத்துக்கு வர மறுக்கும் என்று சொல்லும் வித்வான்கள் உண்டு, அவர்கள் பேச்சைத் தள்ளிவிட முடியாது. நான் சொல்வது, இது ஆராயத் தகுந்த கேள்வி, அதை ஆராய வசதியானவர் பேராசிரியர் அல்ல, நீங்கள். உங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு இரண்டு மூன்று பிரிவுகள் இருக்கும். ஒன்றில் மோகனத்தில் தொடங்குங்கள், ஒன்றில் வழக்கப்படி. தொடக்கத்திலும் பருவ முடிவிலும் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக ஒரு சிறு சுரவரிசை பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். யார் எந்தப் பிரிவு என்று தெரியாத இரண்டு வித்வான்களைக் கேட்டு மதிப்பெண் போடச் சொல்லுங்கள். அப்படியே ஒரு எம்.ஏ. ஆய்வேடு. பள்ளி முதல்வரிடமும் பெற்றோரிடமும் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும், பிள்ளைகளின் பெயர் வெளியே வரக் கூடாது. இரண்டு பிரிவை வைத்து உலகத்துக்கே முடிவு சொல்லிவிட முடியாது என்பதையும் ஆய்வேட்டிலேயே எழுதிவிடுங்கள். நல்ல பரிசோதகர் அதற்காகவே மதிப்பார்.

இதற்குத் துறையில் வரவேற்பு இருக்குமா என்று கேட்டால், எல்லா இடத்திலும் இருக்காது. "ஒரு வாக்கேயகாரரை (பாட்டு இயற்றியவரை) எடுத்துக்கொள், அவர் கிருதிகளைப் பட்டியல் போடு" என்பதுதான் பாதுகாப்பான தலைப்பு என்று பல வழிகாட்டிகள் நினைப்பார்கள். அவர்களுக்கும் அது எளிது, உங்களுக்கும் எளிது. அலமாரியில் ஏற்கெனவே அதே மாதிரி நிறைய இருக்கிறது. அதனால்தான் சேர்வதற்கு முன் வழிகாட்டியைத் தேடுங்கள் என்கிறேன். உங்கள் பக்கத்திலேயே பார்க்கலாம்: திருச்சியில் கலைக்காவிரி நுண்கலைக் கல்லூரி, தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக இசைத்துறை, திருவையாற்றில் 1965 முதல் இருக்கும் அரசு இசைக் கல்லூரி. சென்னைக்கு வர முடியுமானால் பல்கலைக்கழகத்தின் இசைத்துறையும் ராணி மேரிக் கல்லூரியும். எங்கே எந்தப் படிப்பு இந்த ஆண்டு நடக்கிறது என்பதை நேரில் போய் விசாரியுங்கள். இணையதளத்தில் போன வருடத்துத் தகவல் அப்படியே கிடக்கும். போனதும் அலுவலகத்தில் விண்ணப்பம் கேட்காதீர்கள். துறை நூலகத்தில் பழைய ஆய்வேடுகளின் முதுகுப் பெயர்களைப் படித்துப் பாருங்கள். பள்ளி, குழந்தை, கற்பித்தல் என்று ஒரு தலைப்பாவது கண்ணில் பட்டால் அதற்கு வழிகாட்டியவர் யார் என்று கேளுங்கள்.

இலங்கை நிலைமையையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், இதை அங்கிருந்தும் படிப்பார்கள் என்பதால். அங்கே கர்நாடக சங்கீதம் சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் பரீட்சைப் பாடம். அதனால் இசை ஆசிரியருக்கு ஒரு பாட ஆசிரியரின் இடம் இருக்கிறது, யாழ்ப்பாணத்தில் இராமநாதன் நுண்கலைக் கழக வழியிலும் மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்தா நிறுவக வழியிலும் பட்டம் பெற்றவர்கள் பள்ளிக்குப் போகிறார்கள். நம்மிடம் சிபிஎஸ்இ மேல்நிலையில் கர்நாடக இசை ஒரு பாடமாக இருந்தும் அதை நடத்தும் பள்ளிகளைத் தேடித்தான் பார்க்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டம் நூறு பிள்ளைகளுக்கு மேல் உள்ள 6 முதல் 8 வரையான வகுப்புகளுக்குக் கலைக் கல்விக்கு ஆள் வேண்டும் என்று சொல்லும்போதும் 'பகுதிநேரப் பயிற்றுநர்' என்றுதான் சொல்கிறது. பாட்டுப் பரீட்சை இல்லாத இடத்தில் பாட்டு பீரியட் கணக்கு டீச்சருக்குப் போகும், அதை எந்த எம்.ஏ.வும் தடுக்காது.

வேலையோடு படிப்பது பற்றி. நேரடி எம்.ஏ.வில் 75 சதவீத வருகை கேட்பார்கள். முழுநேர வேலையோடு அது முடியாத காரியம், வருகையைச் 'சரிசெய்து' தருகிறோம் என்று சொல்லும் இடத்தை விட்டு விலகுங்கள். பள்ளி உங்களை வாரம் இரண்டு மூன்று நாள் மட்டும் வர ஒப்புக்கொண்டால் பேச்சுவார்த்தைக்கு இடம் உண்டு, பாட்டு டீச்சர்களுக்கு அது கணக்கு டீச்சரைவிட எளிதாகவே கிடைக்கும். தொலைநிலையில் படிப்பதானால் பல்கலைக்கழகத்தின் பெயர் பெரியது என்று நம்பி இறங்காதீர்கள். அங்கீகாரம் ஆண்டுக்கு ஆண்டு, பாடத்துக்குப் பாடம் தருகிறார்கள். யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் அந்த ஆண்டு, அந்தப் பல்கலைக்கழகம், அந்த எம்.ஏ. மூன்றும் சேர்ந்து இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத பட்டத்தை வைத்துக்கொண்டு நெட் முடித்தும் வேலை கிடைக்கும் நேரத்தில் சிக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். தொலைநிலையில் செய்முறைத் தேர்வுக்கு உங்களைத் தயார் செய்ய ஒரு குரு வீட்டில் வேண்டும் என்பதையும் கணக்கில் சேருங்கள். 2022 முதல் ஒரே நேரத்தில் இரண்டு பட்டப் படிப்பு படிக்க யுஜிசி அனுமதிக்கிறது என்பதால் எம்.ஏ.வோடு இன்னொன்றையும் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்பீர்கள், வேண்டாம். எம்.ஃபில். அதே ஆண்டு நின்றுபோனது. எம்.ஏ.வுக்குப் பிறகு போக நினைத்தால் பகுதிநேர முனைவர் பட்டம் உண்டு, பள்ளியிலிருந்து தடையின்மைச் சான்று வேண்டும், குறைந்தது மூன்று வருடம்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இந்தக் கல்வியாண்டில் எதிலும் சேர மாட்டேன். கேந்திரிய, நவோதயா அறிவிப்புகளுக்கு இருக்கிற பி.ஏ.வை வைத்து விண்ணப்பிப்பேன். ஆறாம் வகுப்பில் அந்த இரு பிரிவுச் சோதனையைச் சும்மா ஒரு பருவம் நடத்திப் பார்ப்பேன், மேலே சொன்ன அனுமதிகளை வாங்கிக்கொண்டு செல்போனில் பதிவு செய்து வைப்பேன். அடுத்த மே மாதம் அந்தப் பதிவுகளில் நாலைந்தைக் கையில் எடுத்துக்கொண்டு இரண்டு மூன்று துறைகளுக்கு நேரில் போவேன். பேராசிரியரிடம் "எம்.ஏ. சீட் இருக்கா சார்" என்று ஆரம்பிக்காமல், பதிவைப் போட்டுக் காட்டி, "இந்த இரண்டு வகுப்பில் எது எந்த ராகத்தில் ஆரம்பித்தது என்று சொல்ல முடிகிறதா" என்று கேட்டுப் பார்ப்பேன். ஹெட்போனைக் கேட்டு வாங்கி இன்னொரு தரம் கேட்கிறவர் யாரோ, அவர் இருக்கும் துறையில் விண்ணப்பம் வாங்குங்கள்.